இத்தாலியக் கால்பந்தில் நடுவர் தீர்ப்புகளும் டைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் முதல்நிலைக் கால்பந்து லீகான சீரி ஆ பார்க்க ஆரம்பிக்கிற நண்பர்கள் முதல் மாதத்திலேயே இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான்.

ஒரு பெனால்டிக்குப் போய் இத்தாலியில் ஏன் இவ்வளவு சண்டை?

மற்ற நாடுகளில் ரெஃப்ரி தவறு செய்தால் "அந்த ஆளுக்குக் கண் தெரியவில்லை" என்பார்கள். இத்தாலியில் "யாருக்காகச் செய்தான்?" என்று கேட்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதில் அடங்கிவிட்டது. பெரிய கிளப்பின் முன்னால் ரெஃப்ரி தன்னையறியாமல் பணிந்துபோகிறார் என்பதற்கு அங்கே பல பத்தாண்டுகளாக ஒரு சொல்லே இருக்கிறது, "சுத்தித்தான்ட்சா ப்சிகோலோஜிகா", அதாவது மனதளவில் அடிமைப்பட்டுப்போவது. லஞ்சம் வாங்கினார் என்று அதற்கு அர்த்தமில்லை. சந்தேகமான நொடியில் விசில் எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் விஷயம். இப்படிச் சந்தேகப்படுகிறவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று ஒதுக்கிவிடலாம் என்றால், அந்தச் சந்தேகத்தில் ஒரு பகுதி உண்மை என்று 2006-இல் ஆவணத்தோடு வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் யாரை எப்படிச் சமாதானப்படுத்துவது?

எல்லோரும் 1998, 1998 என்கிறார்களே, என்ன நடந்தது?

1998 ஏப்ரல் 26, டூரின், டெல்லே ஆல்பி ஸ்டேடியம். யுவென்டஸ் முதலிடம், ஒரே ஒரு புள்ளி பின்னால் இன்டர், லீக் முடிய நான்கு ஆட்டங்கள், அதில் ஒன்றுதான் இது. டெல் பியெரோ போட்ட கோலில் யுவென்டஸ் 1-0 முன்னிலை. இரண்டாம் பாதியில் பாக்ஸுக்குள் ரொனால்டோ (பிரேசில்காரர், அப்போது இன்டரில் உச்சத்தில் இருந்தவர்) பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடுகிறார், யுவென்டஸ் டிஃபெண்டர் மார்க் இயூலியானோ பந்தைப் பார்க்காமல் நேராக வந்து உடம்போடு மோதுகிறார், ரொனால்டோ தரையில். ரெஃப்ரி பியெரோ செக்கரீனி கையசைத்து ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார்.

இதோடு நின்றிருந்தால்கூட ஆறிப்போயிருக்கலாம். இன்டர் ஆட்டக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே பந்து மறுமுனைக்குப் போகிறது, சில நொடிகளில் அங்கே டெல் பியெரோ விழுகிறார், அதற்கு விசில், அதற்குப் பெனால்டி! கோட் சூட் போட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் இன்டர் பயிற்சியாளர் ஜிஜி சிமோனி மைதானத்துக்குள்ளேயே ஓடிவந்து கத்தினார், அவரை வெளியே அனுப்பினார்கள். அந்தப் பெனால்டியை இன்டர் கோல்கீப்பர் பல்யூகா தடுத்துவிட்டார் என்பதைப் பாதிப் பேர் மறந்தேவிட்டார்கள். ஸ்கோர் 1-0-ஆகவே முடிந்தது, லீக்கை யுவென்டஸ் வென்றது.

சில நாள் கழித்து இது நாடாளுமன்றத்துக்கே போனது. முன்னாள் யுவென்டஸ் ஆட்டக்காரரும் அப்போது உறுப்பினராக இருந்தவருமான மாஸ்ஸிமோ மௌரோவை நோக்கி டொமெனிக்கோ கிரமாட்சியோ என்ற உறுப்பினர் கத்திக்கொண்டு பாய, காவலர்கள் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று, அவையே ஒத்திவைக்கப்பட்டது. செக்கரீனி பிறகும் அது பெனால்டி இல்லை என்றுதான் சொல்லிவந்தார். என் கருத்து? பெனால்டிதான். பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், இயூலியானோ பந்துக்கு வரவே இல்லை.

அதற்கு முன்னால் இதெல்லாம் இல்லையா?

இருந்தது, ரொம்பப் பழைய கதை. 1925-இல் ஜெனோவாவும் போலோன்யாவும் மோதியபோது, பந்து கோலுக்குள் போனதா என்ற தகராறில் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது, முதலில் கார்னர் கொடுத்த ரெஃப்ரி பிறகு கோல் என்றார். அந்தத் தொடர் முடிவதற்குள் டூரின் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூடே நடந்துவிட்டது.

அப்புறம் 1981 மே 10, யுவென்டஸும் ரோமாவும். ரோமாவின் தூரோனே தலையால் முட்டிய பந்து வலைக்குள், லைன்ஸ்மேன் கொடி மேலே, ஆஃப்சைட். ஆட்டம் 0-0, கடைசியில் யுவென்டஸ் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். ரோமில் இன்றைக்கும் "தூரோனே கோல்" என்றால் போதும், விளக்கம் தேவையில்லை. அன்றைய ரெஃப்ரி பவுலோ பெர்காமோ. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

கால்சியோபோலி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கமாகச் சொல்லப் போய்த்தான் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இத்தாலியில் எந்த மேட்ச்சுக்கு எந்த ரெஃப்ரி என்று முடிவு செய்ய "தெசின்யத்தோரே" என்று ஓர் அதிகாரி உண்டு. 1999 முதல் 2005 வரை இரண்டு பேர் அந்தப் பதவியில் இருந்தார்கள், ஒருவர் பியெர்லூஜி பைரெத்தோ, இன்னொருவர் மேலே சொன்ன அதே பெர்காமோ. 2006 மே மாதம், போலீஸ் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த போன் உரையாடல்கள் பத்திரிகைகளில் வர ஆரம்பித்தன. பெரும்பாலும் 2004-05 சீசனுடையவை. யுவென்டஸின் பொது மேலாளர் லூச்சானோ மோஜ்ஜி இந்த அதிகாரிகளோடு சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்த ஊழல் விவகாரத்துக்குத்தான் கால்சியோபோலி என்று பெயர்.

ஒரே ஒரு உதாரணம். 2004 ஆகஸ்டில் ஸ்வீடன் கிளப்பான யூர்கோர்டனோடு யுவென்டஸ் 2-2 டிரா. மேட்ச் முடிந்ததும் மோஜ்ஜி பைரெத்தோவுக்குப் போன் போட்டு, "எப்பேர்ப்பட்ட ரெஃப்ரியை அனுப்பினீர்கள்" என்கிற தோரணையில் ஜெர்மன் ரெஃப்ரி ஃபான்டலைப் பற்றிப் பொரிந்து தள்ளுகிறார், ரெஃப்ரி ரத்து செய்த யுவென்டஸின் மிக்கோலியின் கோல் செல்லும் என்கிறார். மறுமுனையில் இருப்பவர் ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பான அதிகாரி. அவர் போனை வைத்துவிடவில்லை, பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு எல்லாவற்றையும்விட அதிர்ச்சி தந்தது அந்தப் பேச்சில் இருக்கும் சகஜம்தான். ரகசியமாகப் பேச மோஜ்ஜி சிலருக்கு சுவிஸ் சிம் கார்டுகள் கொடுத்து வைத்திருந்தார் என்றும் விசாரணையில் வந்தது.

தண்டனை: யுவென்டஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது, அங்கேயும் மேல்முறையீடுகள் முடிந்து 9 புள்ளி கழிவோடு ஆரம்பித்தது, 2004-05 பட்டமும் 2005-06 பட்டமும் பறிபோயின. இரண்டாவது பட்டம் இன்டருக்குத் தரப்பட்டது, முதலாவது யாருக்கும் இல்லை. மிலான், ஃபியோரென்டினா, லாசியோ, ரெஜ்ஜினா ஆகியவற்றுக்கும் புள்ளி வெட்டு. மோஜ்ஜிக்கு ஐந்தாண்டுத் தடை, 2011-இல் அது ஆயுள் தடையானது. குற்றவியல் வழக்கு 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் காலாவதியாகி முடிந்தது.

இங்கே ஒன்று முக்கியம். இன்ன மேட்ச்சுக்கு இவ்வளவு பணம் என்று ரெஃப்ரி கையில் கொடுத்ததாக 2006-இன் கால்பந்துத் தீர்ப்பில் இல்லை. தீர்ப்பு சொன்னது ஓர் அமைப்பைப் பற்றி, யார் விசில் ஊத வருகிறார் என்பதில் ஒரு கிளப்பின் குரல் நுழைந்ததைப் பற்றி. "ரெஃப்ரிகளை விலைக்கு வாங்கினார்கள்" என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அப்போ யுவென்டஸ் மட்டும்தான் குற்றவாளியா?

இல்லை. யுவென்டஸ் ரசிகர்கள் இன்றைக்கும் கொதிக்கிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. 2011-இல் கால்பந்துச் சங்கத்தின் வழக்கறிஞர் ஸ்தெஃபானோ பலாட்சி, இன்டர் தரப்பிலிருந்தும் அந்த அதிகாரிகளுக்குப் போன்கள் போயிருந்தன, அவையும் விதிமீறல்தான் என்று அறிக்கை எழுதினார். ஆனால் காலக்கெடு தாண்டிவிட்டது, பேசியவராகச் சொல்லப்பட்ட அப்போதைய இன்டர் தலைவர் ஃபக்கெத்தி 2006-லேயே இறந்தும்விட்டார், பதில் சொல்ல ஆள் இல்லை. பட்டம் இன்டரிடமே இருக்கிறது. அதிகாரபூர்வக் கணக்கில் யுவென்டஸுக்கு 36 பட்டம், அவர்கள் ஸ்டேடியத்தில் 38 என்று இருக்கும்.

1999 கிறிஸ்துமஸுக்கு ரோமா தலைவர் ஃபிராங்கோ சென்சி ரெஃப்ரிகளுக்கு ரோலெக்ஸ் கைக்கடிகாரம் பரிசு அனுப்பியதும் நடந்திருக்கிறது. நியமன அதிகாரிகள் இருவருக்கும் தங்க ரோலெக்ஸ். ஆக, எல்லோரும் அந்தக் கதவைத் தட்டினார்கள், ஒருவர் உள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் என் புரிதல்.

ரெஃப்ரியைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால் என்ன?

செய்து பார்த்தார்கள். 1984-85 சீசனில் முழுக்க முழுக்கக் குலுக்கல். அந்த வருடம் சாம்பியன் ஆனது வெரோனா! அதற்கு முன்னும் பின்னும் அந்த ஊருக்கு லீக் பட்டம் கிடைத்ததில்லை. குலுக்கல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், எல்கேயார் மாதிரி ஆட்டக்காரர் இருந்த நல்ல அணி அது. ஆனால் இத்தாலியில் யாரிடம் பேசினாலும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அடுத்த சீசனில் குலுக்கலைக் கைவிட்டுவிட்டார்கள்.

சரி, டைவ் (ஃபவுல் வாங்குவதற்காக நடித்து விழுவது) விஷயத்துக்கு வருவோம். இத்தாலிக்காரர்கள்தானே அதிகம் விழுகிறார்கள்?

இந்தப் பேச்சுக்குப் பெரிய காரணம் 2006 ஜூன் 26, கைசர்ஸ்லாட்டன், உலகக் கோப்பையில் இத்தாலியும் ஆஸ்திரேலியாவும். மட்டெராட்சி (பின்னாளில் சென்னையின் எஃப்சிக்குப் பயிற்சியாளராக வந்து 2015-இல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்) சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டார், பத்துப் பேரோடு 0-0, 90 நிமிடம் முடிந்து இஞ்சுரி டைமின் கடைசி நொடிகள். இடது பக்கமாக ஃபாபியோ க்ரோஸ்ஸோ பாக்ஸுக்குள் நுழைகிறார். லூகாஸ் நீல் சறுக்கி விழுந்து பந்தைத் தடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை, தரையில் குறுக்கே கிடக்கிறார். க்ரோஸ்ஸோ அவரைத் தாண்டிப் போயிருக்கலாம், அதற்கு இடம் இருந்தது. ஆனால் நேராக அந்த உடம்பின் மேலே போய் விழுந்தார். பெனால்டி, டோட்டி, 1-0. கொஞ்சம் கூட்டித்தான் விழுந்தேன் என்கிற மாதிரி க்ரோஸ்ஸோவே பின்னால் சொன்னார். இது சுத்தமான டைவா என்றால் இல்லை, நீல் சறுக்கியது முட்டாள்தனம், கிடைத்த காலை க்ரோஸ்ஸோ பயன்படுத்திக்கொண்டார். இந்த வகைக்காரனைத்தான் இத்தாலியில் "ஃபுர்போ" என்பார்கள், நம் பேச்சில் கில்லாடி. திட்டாகவும் வரும், பாராட்டாகவும் வரும்.

ஆனால் நான்கு வருடம் முன்னால் இதே டோட்டிக்கு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2002 ஜூன் 18, தேஜான், தென்கொரியாவோடு, நம் ஊர் நேரம் மாலை 5 மணிக்குத் தொடங்கிய மேட்ச். எக்ஸ்ட்ரா டைமில் டோட்டி பாக்ஸுக்குள் கொரிய ஆட்டக்காரரோடு மோதி விழுகிறார். எக்குவடோர் ரெஃப்ரி பைரன் மொரேனோ ஓடிவந்து, நடிப்பு என்று இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே போ. அதன் பிறகு தொம்மாசியின் கோலும் ஆஃப்சைட் என்று போனது, 117-வது நிமிடத்தில் ஆன் ஜங்-ஹ்வான் கோல்டன் கோல் (விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும் கோல்) போட்டு இத்தாலியை அனுப்பிவைத்தார். டோட்டி விழுந்தது பெனால்டி இல்லாமல் இருக்கலாம், ஆனால் நடிப்பும் இல்லை. கால் பட்டு விழுகிறவனுக்கு மஞ்சள் அட்டை காட்டுவதற்கு ரெஃப்ரிக்கு எது துணிச்சல் தருகிறது தெரியுமா? "இத்தாலிக்காரன் நடிப்பான்" என்கிற இந்தப் பொதுப்பேச்சுதான். அதனால்தான் இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று என்னால் சொல்ல முடியாது. டைவ் எல்லா லீகிலும் உண்டு. சீரி ஆவில் ரெஃப்ரிகள் லேசான உரசலுக்கும் விசில் ஊதிப் பழக்கப்படுத்தியதால் ஆட்டக்காரர்களுக்கு விழுவதில் லாபம் இருந்தது. லாபம் இருக்கும் இடத்தில் எந்த நாட்டுக்காரனும் விழுவான்.

டைவ் அடித்தால் என்ன தண்டனை?

மைதானத்தில் மஞ்சள் அட்டை, எதிரணிக்கு ஃப்ரீ கிக். ரெஃப்ரியை ஏமாற்றிப் பெனால்டி வாங்கிவிட்டால், மேட்ச் முடிந்த பிறகு டிவி பதிவைப் பார்த்துத் தடை போடவும் இத்தாலியில் வழி இருந்தது. 2010 அக்டோபரில் போலோன்யாவில் யுவென்டஸின் மிலோஸ் கிராசிச்சுக்கு அது நடந்தது. பக்கத்தில் இருந்த டிஃபெண்டர் காலை நீட்டவே இல்லை, கிராசிச் காற்றில் தடுக்கி விழுந்தார், பெனால்டி கிடைத்தது, அதையும் போலோன்யா கீப்பர் விவியானோ தடுத்துவிட்டார். ஸ்கோர் 0-0, கிராசிச்சுக்கு இரண்டு மேட்ச் தடை. பெனால்டி கோலாகாதபோதும் தடை போட்டார்களே என்று சிலர் கேட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள் என்பேன், ஏமாற்றியது ஏமாற்றியதுதான்.

யாருமே ரெஃப்ரியிடம் போய் உண்மையைச் சொன்னதில்லையா?

சொல்லியிருக்கிறார்கள், அதை யாரும் பரப்புவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 2006 மார்ச்சில் மெஸ்ஸினாவோடு ஆடும்போது ரோமாவின் டி ரோஸ்ஸி போட்ட கோலை ரெஃப்ரி கொடுத்துவிட்டார், டி ரோஸ்ஸியே போய்க் கையில் பட்டது என்று சொல்ல, கோல் ரத்து. கால்சியோபோலி வெடிப்பதற்கு இரண்டே மாதம் முன்னால்! 2012 செப்டம்பரில் நாப்போலியில் லாசியோவின் க்ளோஸே அதே மாதிரி தன் கோலைத் தானே ரத்து செய்யவைத்தார். நாப்போலி ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள், லாசியோ 3-0 என்று தோற்றது.

அதே 2012 பிப்ரவரியில் இன்னொன்று. மிலான் 1-0 முன்னிலையில் இருக்கும்போது முந்தாரி தலையால் முட்டிய பந்து கோல் கோட்டை நன்றாகவே தாண்டியது, யுவென்டஸ் கீப்பர் புஃபோன் உள்ளேயிருந்து வெளியே தட்டினார், கோல் இல்லை என்றார்கள். மேட்ச் 1-1, பட்டம் கடைசியில் யுவென்டஸுக்கு. தெரிந்திருந்தாலும் ரெஃப்ரியிடம் சொல்லியிருக்க மாட்டேன் என்றார் புஃபோன். எனக்கு ரொம்பப் பிடித்த கோல்கீப்பர், ஆனால் அந்தப் பேச்சு மட்டும் இன்றுவரை ஒப்பவில்லை. அதே மேட்ச்சில் யுவென்டஸின் மாத்ரி போட்ட சரியான கோல் ஒன்றும் ஆஃப்சைட் என்று ரத்தானது, அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 2015-16 முதல் கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வந்துவிட்டது, அந்த வகைத் தகராறு முடிந்தது.

மோவியோலா என்கிறார்களே, அது என்ன?

ரீப்ளே போட்டு ரெஃப்ரியின் தீர்ப்பை அலசுவது. 1967 அக்டோபரில் மிலான், இன்டர் மோதலில் ரிவேரா அடித்த பந்து கோடு தாண்டவில்லை என்று ராய் தொலைக்காட்சி ஸ்லோமோஷனில் காட்டியதில் ஆரம்பித்தது. 1980-இல் ஆல்தோ பிஸ்கார்தி திங்கட்கிழமை தோறும் வரும், இதற்கென்றே ஒரு நீதிமன்றம் மாதிரியான நிகழ்ச்சியைத் தொடங்கினார், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மைதானத்திலேயே ரெஃப்ரிக்கு ரீப்ளே வேண்டும் என்று பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். சீரி ஆவில் விஏஆர் (வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் முறை) வந்த முதல் சீசனில், 2017 அக்டோபர் 8 அன்று இறந்தார்.

விஏஆர் வந்த பிறகாவது நின்றிருக்க வேண்டுமே?

2018 ஏப்ரல் 28, மறுபடி இன்டரும் யுவென்டஸும். நாப்போலி ஒரே ஒரு புள்ளி பின்னால் மூச்சுப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. இன்டரின் வெசினோவுக்கு விஏஆர் பார்த்துச் சிவப்பு அட்டை. பிறகு, ஏற்கெனவே மஞ்சள் வாங்கியிருந்த யுவென்டஸின் பியானிச், ரஃபீன்யா மேல் மோசமாக மோதுகிறார், ரெஃப்ரி ஒர்சாத்தோ இரண்டாவது மஞ்சளைக் காட்டவில்லை. இரண்டாவது மஞ்சளை விஏஆர் பார்க்கக் கூடாது என்பது அப்போதைய விதி, எத்தனை கேமரா இருந்து என்ன பயன். 2-1 பின்னால் இருந்த யுவென்டஸ் கடைசி நிமிடங்களில் 3-2 என்று வென்றது. மறுநாள் நாப்போலி ஃபியோரென்டினாவிடம் 3-0 தோல்வி. பட்டத்தை ஓட்டல் அறையிலேயே இழந்துவிட்டோம் என்றார் பயிற்சியாளர் சார்ரி, அவர்கள் அந்த மேட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தது அங்கேதான். ஒர்சாத்தோ 2021-இல் டிவி நிகழ்ச்சிக்கு வந்து அது தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். பணியில் இருக்கும் ரெஃப்ரி அப்படி வந்து பேசியதே அங்கே பெரிய விஷயம்.

யுவென்டஸும் பட்டிருக்கிறது. 2022 செப்டம்பர், சலெர்னித்தானாவோடு 2-2, கடைசி நொடியில் மிலிக் கோல் போட்டு, சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றி, அதற்கு இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியே போகிறார். அதன் பிறகு விஏஆர், போனூச்சி ஆஃப்சைடில் நின்றார் என்று கோலையே ரத்து செய்கிறது. கார்னர் கொடி பக்கத்தில் சலெர்னித்தானாவின் கந்த்ரேவா நின்றுகொண்டிருந்தார், அவரைக் கணக்கில் எடுத்தால் ஆஃப்சைடே இல்லை. விஏஆர் அறைக்குப் போன கேமராவில் அவர் விழவில்லை! 2023 ஜனவரியில் அரைத் தானியங்கி ஆஃப்சைட் முறையைக் கொண்டுவந்தார்கள்.

எனக்குக் கேமரா எண்ணிக்கையில் பெரிய நம்பிக்கை இல்லை. ரெஃப்ரி ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று யாராவது வாய் திறந்து சொன்னால் பாதி வெறி தணியும். 2023-24 முதல் "ஓப்பன் விஏஆர்" என்று, ரெஃப்ரிக்கும் விஏஆர் அறைக்கும் நடந்த பேச்சை மேட்ச் முடிந்த பிறகு ஒளிபரப்புகிறார்கள், நியமன அதிகாரி ரோக்கி வந்து இது சரி, இது தவறு என்று சொல்லிவந்தார். இத்தனை வருடத்தில் நடந்த உருப்படியான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ரெஃப்ரிகள் பாடு?

கஷ்டம்தான். டிவியில் வரும் பெரிய ரெஃப்ரிகளுக்காவது பாதுகாப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊர் மைதானத்தில் விசில் ஊதப் போகிற இளைஞனுக்கு யார் இருக்கிறார்கள்? 2018 நவம்பரில் ரோமில் ஒரு கீழ்நிலை லீக் மேட்ச்சுக்குப் பிறகு ரெஃப்ரி ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு அடித்தார்கள். அடுத்த வார இறுதியில் லாட்சியோ மாகாணம் முழுக்க அமெச்சூர் மேட்ச்சுகளே நடக்கவில்லை. மேலே டிவியில் உட்கார்ந்து "திருடன்" என்று சொல்கிற பெரிய மனிதர்கள் இந்த இளைஞனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எதைப் பார்க்கலாம்?

1998 மேட்ச்சின் அந்த இரண்டு நிமிடம். முதல் தடவை ரொனால்டோவைப் பாருங்கள். இரண்டாம் தடவை, பந்து மறுமுனைக்குப் போகும்போது இன்டர் ஆட்டக்காரர்களைப் பாருங்கள், பாதிப் பேர் இன்னும் ரெஃப்ரியிடம் முறையிட்டுக்கொண்டிருப்பார்கள், ஆட்டம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். மூன்றாம் தடவை சிமோனியைப் பாருங்கள். 2020 மே 22 அன்று அவர் இறந்தார். சரியாகப் பத்து வருடம் முன்னால் அதே தேதியில்தான் மாட்ரிட்டில் இன்டர் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது.